கடைசி இரண்டு தவணைகள்

முதலில் வந்தது பெட்டிதான்.
ஒரு ஞாயிறு, மோந்தேவிதேயோவில்
நார்வாஹா தெருச் சந்தையில்,
கதவுக் கைப்பிடிகளுக்கும் செத்த தொலைபேசிகளுக்கும் நடுவே
சிவப்புத் தோல் ஒட்டிய பெட்டி.
உள்ளே கடிகாரம் இல்லை.
அது கிடந்த இடத்தில்
மெத்தை மட்டும் குழிந்திருந்தது.

"காலிப் பெட்டி, இருநூறு பெசோ" என்றான்
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தவன்.
காலி என்பது அவன் சொல்.
மெத்தைக்கடியில்
நான்காய் மடித்த உத்தரவாதச் சீட்டு,
நூலில் தொங்கும் எண்ணட்டை,
யாரும் படிக்காத நான்குமொழிக் குறிப்பேடு.
பிரெஞ்சுப் பக்கத்தில் மட்டும் ஒரு காபி வட்டம்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு.
வெறும் கடிகாரத்துக்கு ஒரு விலை.
பெட்டியும் தாளும் இருந்தால் ஒன்றரை மடங்கு.
எண்ணும் பொருந்திவிட்டால்
பேச்சே கிடையாது, பணத்தை எண்ணு.
அதனால் பலர் பொருத்திவிடுகிறார்கள்
ஏதோ ஒரு பெட்டிக்கு ஏதோ ஒரு கடிகாரம்,
ஜாதகத்தைத் திருத்திக் கல்யாணம் முடிப்பதுபோல.
நான் அப்படியில்லை என்று சொல்லிக்கொள்வேன்.
என் அலமாரியில் முப்பத்தொரு முழுத்தொகுதிகள்.
ஒன்றையும் கையில் கட்டியதில்லை.
மணி பார்க்கச் செல்பேசி இருக்கிறது.

இரண்டு எட்டு நான்கு ஒன்று பூஜ்யம் ஆறு ஏழு.
ஆறு வருடம்
பல் துலக்கும்போதெல்லாம் சொன்னேன்.
நாடெங்கும் பழுதுபார்ப்பவர்களுக்கு எழுதினேன்.
பைசாந்தூவிலிருந்து ஹுவெனால் அழைத்தான்,
பின்மூடியைத் திறந்த கையோடு.
"ஏழில் முடிகிறது."
முழுவதும் சொல்லச் சொன்னேன்.
சொன்னான்.
சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து மணி நேரப் பேருந்து. மடியில் பெட்டி.
மாடுகள், யூகலிப்டஸ், மறுபடி மாடுகள்.

கதவைத் திறந்தாள் நெலிதா பெந்தான்கோர்.
அவள் கையில்தான் இருந்தது,
ஆண்களின் அளவு, எலும்பைச் சுற்றி உருள,
கண்ணாடியில் கீறல்,
வாரில் அப்பிய மாவு.

"தார்தோவின் தாத்தாவுடையது.
பாஸ்க் நாட்டிலிருந்து கப்பலில் வந்தது.
கல்யாணத்தன்று காட்டினார்,
எங்கள் வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று."

பேசாமல் இருந்திருக்கலாம்.
சேகரிப்பவனுக்குத் தாளைக் காட்டாமல் இருக்கத் தெரியாது.

மாவை ஒதுக்கி மேசையில் விரித்தேன்.
இவ்வூர் நகைக்கடையின் முத்திரை.
1968, மார்ச் ஒன்பது.
வாங்கியவர் தார்தோ பெந்தான்கோர், இறைச்சி ஆலை.
பின்புறம் பன்னிரண்டு கட்டங்கள்.
பத்தில் முத்திரை.
கடைசி இரண்டும் வெறுமை.

தேதிமேல் விரலை வைத்தபடி இருந்தாள்.
"கல்யாணம் பதினாறாம் தேதி.
அந்த வருடம் முழுக்கக்
காலையில் ரொட்டி வேண்டாம் என்பார்.
வயிறு சரியில்லையாம்."
பிறகு,
"ஜனவரியில் மகள் பிறந்தாள்."
பிறகு,
"பெட்டியை ஆலை லாக்கரில் வைத்திருப்பார்.
மூடியபோது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள்."

பண உறையை எடுத்து வைத்தேன்.
பார்க்கவேயில்லை.
"இரண்டு தவணை என்ன ஆகும் இப்போது?"
எனக்குத் தெரியவில்லை.
அந்தப் பெசோ செத்து,
அதன் பிறகு வந்த பெசோவும் செத்து,
நகைக்கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை.

பழைய மடிப்பிலேயே சீட்டை மடித்து
என் கையில் திணித்தாள்.
"கொண்டுபோங்கள்.
இது இங்கே இருந்தால்
கடிகாரத்துக்குத் தாத்தா இல்லாமல் போய்விடுவார்."

போன மாதம் ஒருவன் வந்தான்.
அதே மாடல், அதே வருடம், தாள் இல்லாதது.
மெத்தையில் வைத்துப் பார்த்தான்.
கச்சிதமாய் உட்கார்ந்தது.
"யாருக்குத் தெரியப்போகிறது?" என்றான்.
வாய் தானாகவே தொடங்கிவிட்டது,
இரண்டு, எட்டு, நான்கு