பதினொரு நிமிடப் பிணம்

இந்தப் போரில் எதிரி வேஷத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை.
விடியுமுன்பே வந்துவிட்டான்,
ஒத்திகை பார்க்காமல், சம்பளம் கேட்காமல்.
நார்வே, தீடால் மலைச்சரிவு, ஜனவரி.
மைனஸ் பதினேழு என்றது காரின் சின்னத் திரை.
அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை,
பேட்டரி விறைத்துவிட்டது.

முந்நூறு வருஷத்துக்கு முன்
ராஜா செத்த செய்தியைச் சுமந்துகொண்டு
ஸ்வீடனுக்குத் திரும்பிய படை இந்த வழியாகத்தான் போனது.
யாரும் துரத்தவில்லை.
வாடைதான் துரத்தியது.

நாங்கள் நாற்பத்தொரு பேர்.
எஸ்தர்சுண்டிலிருந்து ஒரு பல் மருத்துவர்,
மின்வாரியத்தில் இரண்டு பேர்,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஹால்வார்,
மீன் ஆலைக் குளிர்கிடங்கில்
சரக்குக் கணக்கு எழுதும் நான்.
எனக்கா தெரியாது குளிரை, என்றிருந்தேன்.

காலை ஆறு மணிக்குச் சோதனை.
தூரிட் வரிசையாக வந்து காலருக்குள் விரல் விடுகிறாள்:
ஜிப் கூடாது, நைலான் கூடாது,
உள்ளங்கைச் சூட்டுப் பொட்டலம் கூடவே கூடாது.
பிடிபட்டதையெல்லாம் ஒரு தகர வாளியில் போடுகிறாள்.
யாரும் பார்க்காதபோது
அந்த வாளிக்கு மேல் தன் கைகளை நீட்டிக்கொள்கிறாள்.
நான் பார்த்தேன்.

கம்பளிக் காலுறை, ஆட்டுத்தோல் கையுறை.
உறை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்,
உள்ளே போனதெல்லாம் உறைந்தது.
பாத்திரத்தில் வாற்கோதுமைக் கஞ்சி கல்லாகிவிட்டது.
என் பாத்திரமும் அப்படித்தான் ஆகவேண்டும்:
ஊலோஃப் ஃபிளிங்க், ஐம்பத்தெட்டாம் எண்.
படைப்பட்டியலில் அவன் பெயருக்கு நேரே
ஒரே ஒரு சொல்.
உறைந்தான்.

பத்தரைக்கு விழுந்தேன்.
மல்லாந்து, வாய் திறந்து, வலது கை ஹால்வாரின் தோளில்.
பதினொரு நிமிடம் அசையக்கூடாது.
மூன்றாவது நிமிடத்தில்
கயிற்றுக்கு அப்பால் ஒரு பொடியன்:
"அம்மா, அந்தப் பிணம் நடுங்குது."
கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு,
பற்கள் தந்தியடித்ததில் அது வெளியே தெரியவில்லை.

பிறகு நடுக்கம் நின்றது.

நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்தேன்.
முதுகுக்கடியில் பனி மெத்தென்று இருந்தது.
யாரோ அடுப்புக் கதவைத் திறந்துவிட்டார்கள்.
கோட்டுப் பொத்தானைக் கழற்றினால் தேவலை.
வானம் வெளுத்து, அருகில் வந்து,
எதுவும் அவசரமில்லை என்றது.

பக்கத்துப் பிணம் கண்ணைத் திறந்தது.
"உன் பெயர் என்ன?"
"ஊலோஃப்" என்றேன்.
"அது இல்லை. உன் பெயர்."
தேடினேன்.
கிடங்கின் கடைசி அலமாரியில் தேடுகிற மாதிரி,
பெட்டி பெட்டியாக நகர்த்தி.
கிடைக்கவில்லை.

ஹால்வார் எழுந்து உட்கார்ந்தார்.
செத்தவன் எழுந்ததும் கூட்டம் கைதட்டியது.
கன்னத்தில் அறைந்தார், அதற்கும் கைதட்டல்.
தூரிட் ஓடி வந்தாள், தகர வாளியோடு,
வரலாற்றின் நடுவே நீலநிற ரப்பர் பூட்ஸில்,
பறிமுதல் செய்ததையெல்லாம்
என் கோட்டுக்குள் கவிழ்த்தாள்.

"ராக்ன்ஹில்ட்" என்றேன், ஆம்புலன்ஸில்,
யாரும் கேட்காதபோது.
கால்விரல்களுக்கு வலி திரும்பி வந்தது,
ஒவ்வொன்றும் தன் பெயரைக் கத்திக்கொண்டு.

ஊலோஃபுக்கும் கடைசியில் சுகமாக இருந்திருக்குமோ.
எழுதினவன் எப்படி அறிவான்,
அவன் நெருப்பின் பக்கத்தில் இருந்தான்.

மார்ச் மாதக் கூட்டத்தில் தீர்மானம்:
சாவு இனி ஆறு நிமிடம்.
எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன்.
எண்ணி முடித்துத் தேநீர் வந்த பிறகும்
இறக்கவில்லை.
சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக
மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.