கழுத்து ஒடியாதவை

மீட்டர் ரீடிங் எடுக்கப் போகிறவளுக்கு
வீடுகளின் பின்பக்கம் தெரியும்.
ஆட்டுக்கொட்டிலில், முருங்கை மூட்டில்,
மாடிப்படிக்குக் கீழே குப்புறக் கிடக்கும்
சாலிடேர், டயனோரா, கிரவுன்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
யூனிட்டோடு அவற்றையும் குறித்துக்கொள்வேன்.
"தூக்கிட்டுப் போங்கக்கா, பாம்பு அடையுது"
என்பார்கள் சிலர்.
சிலர் உடனே விலை சொல்வார்கள்.
நான் கேட்கும்வரைதான் அது குப்பை.

மிச்சமெல்லாம் போய்ச் சேருமிடம்
திசையன்விளையில் ஞானதிரவியம் கடை.
அவனுக்கு வேண்டியது செம்பு.
திரையை மண்ணில் கவிழ்த்து
பின்கழுத்தில் ஒரே தட்டு.
உஸ்ஸென்று ஒரு சத்தம்,
குக்கர் சத்தம்போல, ஆனால்
வெளியிலிருந்து உள்ளே.
முப்பத்தைந்து வருஷம்
ஒன்றுமே இல்லாதிருந்த இடத்துக்குள்
கருவாட்டு வாடையும் தேரிப் புழுதியும்
முண்டியடித்துப் போய் உட்காரும்.

ஒடிக்காமல் தந்தால் ஐம்பது ரூபாய் கூட என்றேன்.
"ஒண்ணுமில்லாததுக்கு ஒரு விலையாக்கா?"
ஆமாம் என்றேன்.
அறுபது ஆக்கினான்.

ராத்திரி, பின்மூடியைக் கழற்றினால்
முதலில் செம்மண் கொட்டும்.
பிறகு பல்லி முட்டை,
ஒரு குளவிக்கூடு,
யாரோ தேடிச் சலித்த ஊக்கு.
ரப்பர் மூடிக்குக் கீழே திருப்புளியை நுழைத்து
மிச்ச மின்சாரத்தை இறக்குவேன்.
'டப்'. ஒரு நீலப் புள்ளி.
அணைத்துப் போட்டவர்கள் மறந்துபோன கோபம்.
ஒரு பெட்டியின் குமிழில்
நகச்சாயத்தால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தது:
கடலைப் பார்த்து ஆண்டெனாவைத் திருப்பினால்
இலங்கை தெரிகிற இடம்.
அதைத் துடைக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு வி.சி.ஆர். வந்தது.
குவைத் ஸ்டிக்கர். ஏழு கிலோ.
வாய்க்குள் மாட்டிய கேசட்டோடு.
பெல்ட் உருகித் தாராய் ஒட்டியிருந்தது.
பூஞ்சையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க
ஒன்பது ராத்திரி ஆயிற்று.

ஒரு சாவு.
வர முடியாத மகனுக்காக எடுத்தது போல.
பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பைபிள் வாசிப்பு,
பெட்டியைச் சுற்றி மெதுவாய் நடக்கிற கேமரா.
படம் அவ்வளவு சுத்தம்,
அப்பச்சியின் மூக்குப் பஞ்சுகூட எண்ணலாம்.
முகத்தை யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

தேய்ந்திருந்தது வேறு இடம்.
பதினாலாவது நிமிஷம்,
கேமராக்காரன் ஒயரை இழுக்கையில்
தவறிப்போய் அடுத்த வீட்டு மதில் வருகிறது.
பச்சைச் சேலை. இடுப்பில் குடம்.
கூட்டத்தைப் பார்க்கிறாள், பிறகு கேமராவை,
பிறகு குனிந்துவிடுகிறாள்.
ஆறு விநாடி.
அந்த ஆறு விநாடி மட்டும்
வெள்ளைக் கோடுகளால் கிழிந்து கிடக்கிறது.
எத்தனை வெள்ளிக்கிழமை,
எத்தனை தடவை பின்னோக்கி ஓட்டியிருப்பான்.

யார் வீட்டுச் சரக்கு என்று கேட்டேன்.
"உவரி ரோட்டுல இடிச்ச வீடு.
ஆள் இல்ல. நிலைக்கதவே நாலாயிரத்துக்குப் போச்சு."

அந்தத் தடத்தில் எனக்கு நூற்றுப்பதினாறு மீட்டர்.
குனிந்து எண்ணை வாசிக்கையில்
சேலையை இழுத்துவிட்டபடி எட்டிப் பார்க்கிற
அறுபது வயசுக்காரிகளை
இப்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகப் பார்த்துவிடுகிறேன்.
ஒருத்தி கேட்டுவிட்டாள்,
"என்ன தாயி, ரீடிங் ஏறிப்போச்சா?"
இல்லை என்றேன்.

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும்
தலையில் உரசிக் கொஞ்சம் உதிர்கிறாள்.
பழுப்புத் தூள், பஞ்சில் வருகிறது.
அவன் நிறுத்திய இடத்திலிருந்து
நானும் ஏழு தடவை தேய்த்துவிட்டேன்.
எட்டாவதற்கு ஒயரைப் பிடுங்கினேன்.

போன் அடிக்கிறது. ஞானதிரவியம்.
"மூணு பெட்டி வந்துருக்குக்கா.
கழுத்து முழுசா இருக்கு.
வாரியளா, இல்ல தட்டிரவா?"