பக்கம் பதினான்கு, வரி ஒன்பது

குதைபியாவில் லாண்டரிக்கு மேலே இரண்டாம் மாடி.
இரவு பத்துக்கு ஹெட்போனை மாட்டினால்
அயர்லாந்தின் மேலவை என் காதுக்குள் கூடும்.
பேச்சுக்கு நிமிடத்துக்கு நாற்பது ஃபில்ஸ்.
மௌனத்துக்குக் காசில்லை.
இருமலை எழுதாதே, சிரிப்பை அடைப்புக்குள் போடு,
மணியடித்தால் நேரத்தைக் குறி
என்பார் ரிஃபாய், எங்கள் பிழை பார்க்கிறவர்.

செனட்டர் ப்ரீட் மெக்கெலிகட்.
முகம் தெரியாது.
கடைவாயில் ஒரு பல் போனது போல
குரலில் ஓரமாய்க் கொஞ்சம் காற்று.
இடுகாட்டு நில மசோதாவில் பதினொரு நிமிடம் பேசினார்.
பேருந்துக் கட்டணத்தில் நாலு.
நாய் உரிமத்தில், ஒரே ஒரு கேள்வி.
பேசத் தொடங்கும் முன் எப்போதும் ஒரு மிடறு தண்ணீர்.
டம்ளர் மேஜையில் உட்காரும் சத்தம் வரைக்கும்
நான் சம்பளமில்லாமல் காத்திருப்பேன்.

பிறகு வந்தது
மீன்பிடிப் படகுத் தொழிலாளர் மசோதா, குழுநிலை.
பக்கம் பதினான்கு, வரி ஒன்பது:
‘உரிமையாளர் ஓய்வு தரலாம்.’
அந்த ‘லாம்’ போகட்டும் என்றார்.
‘வேண்டும்’ வரட்டும்.
திருத்தம் அவ்வளவுதான்.
அதற்கு ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது அவை.
எனக்கு இரண்டு தினார் எண்பது ஃபில்ஸ்.

அவர்கள் பாஷையில் லாமுக்கு ‘மே’.
ஆடு கத்துவது போலிருக்கும்,
அமைச்சர் சொன்னால் இன்னும்.
வேண்டுமுக்கு ‘ஷால்’.
நம் ஊர் மேடையில் அதைத் தலைவர் தோளில் போர்த்துவார்கள்,
இந்த அம்மாள்
கடலில் நனைந்து நிற்பவன் தோளைத் தேடுகிறார்.

‘முப்பத்தாறு மணிநேரம் தூங்காதவன்
வின்ச்சில் கை வைக்கலாம்.
கை போகலாம்.
உரிமையாளர் வருத்தப்படலாம்.
இத்தனை லாம்களுக்கு நடுவே, தலைவர் அவர்களே,
நான் கேட்பது ஒரே ஒரு வேண்டும்.’
யாரோ சிரித்தார்கள்.
அடைப்புக்குள் போட்டேன்.

என் மேல்கட்டில் வியாகுலம், முட்டத்துக்காரன்,
சித்ராவிலிருந்து லாஞ்சில் போகிறவன்.
(சித்ரா ஊர்ப் பெயர். வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்களாம்.)
ஷமால் அடிக்கும் நாட்களில் மட்டும் அவனுக்குத் தூக்கம்.
அன்றைக்குக் காற்று இருந்தது.
தூங்கவில்லை.
‘யாருடா அது, வின்ச்சைப் பத்திப் பேசறது?’
சொன்னேன்.
தன் வலது கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்,
அஞ்சும் இருந்தது,
போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.

அமைச்சர் எழுந்தார்.
திருத்தத்தின் உணர்வை ஏற்கிறாராம்.
சொல்லை ஏற்க முடியாதாம்.
‘எனவே உரிமையாளர் ஓய்வு தரலாம் என்பதே...’
மணி மூன்று பத்து. ஏசி சொட்டுகிறது வாளியில்.
பார்க்கிறேன், என் விரல்
அமைச்சர் வாயில் ‘ஷால்’ என்று அடித்திருக்கிறது.

உடனே அழிக்கவில்லை.
நாலு நிமிடம் அது திரையில் இருந்தது.
அந்த நாலு நிமிடமும் அயர்லாந்துக் கடலில்
எல்லாப் படகுகளிலும் தூங்கினார்கள்,
எகிப்துக்காரன், கானாக்காரன், பிலிப்பைன்ஸ்காரன்,
வலை மேலேயே, பூட்ஸோடு.

ரிஃபாய் கண்டுபிடிப்பார் என்பதற்காக அழிக்கவில்லை.
கண்டுபிடிப்பார், அது வேறு, அரை தினார் பிடிப்பார்.
அந்த அம்மாள் கேட்டுக் கிடைக்காதது
கிடைத்த மாதிரி ஏட்டில் ஏறினால்
நாளைக்கு அவர் எதைக் கேட்டு எழுந்திருப்பார்?
‘மே’ என்று அடித்தேன்.
ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு இருபத்துமூன்று.
அதையும் அடித்தேன்.

மூன்று வாரம் கழித்து அடுத்த கோப்பு.
அதே மசோதா, அடுத்த நிலை.
தலைவர் பெயர் சொல்லி அழைக்கிறார்.
நாற்காலி நகரும் சத்தம்.
பக்கம் பதினான்கு, என்கிறது அந்தக் குரல்,
பிறகு ஒன்றுமில்லை.

மேலிருந்து ஒரு கால் தொங்குகிறது.
‘என்ன சொல்றாங்க?’
‘தண்ணி குடிக்கறாங்க.’
‘குடிக்கட்டும்’ என்று இறங்கி வந்து
ஹெட்போனின் ஒரு காதைத் தன் பக்கம் இழுக்கிறான் வியாகுலம்.