சொத்துப் பட்டியல், எண் பதினேழு

காலை ஆறேகால்.
திபிலிசி இன்னும் விடியவில்லை.
ஒலியைக் குறைத்துவைத்துக்கொண்டு
சிப்பூனா பார்க்கிறேன்.
கலங்கரை விளக்கில் குடியிருக்கும் கெண்டி அது.
கோபம் வந்தால் விசிலடிக்கும்,
பதினோராவது நிமிடத்தில் ஆறிவிடும்.
எனக்கு ஐம்பத்தெட்டு வயது,
கையில் ரொட்டி, மடியெல்லாம் துகள்.
சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவர் ஒருநாள் கேட்டபோது
பேரனுக்காக என்றேன்.
பேரன் கிடையாது.

ஒன்பது மணிக்குக் கறுப்பு அங்கி.
இன்று தெயோனாவும் வக்குஷ்தியும்.
வீடு விற்றாயிற்று. கார் அவனுக்கு.
குளிர்பதனப் பெட்டிக்கு மட்டும்
அரைமணி நேரம் இழுபறி.
குழந்தைகள்: இல்லை.
எழுத்தர் ஓத்தியா தொண்டையைச் செருமினார்:
“பதினேழு. பொம்மை ஒன்று, கெண்டி மாதிரி.
இருவருமே கேட்கிறார்கள்.”

வழக்கறிஞர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்திருக்க வேண்டும்.

“மூக்கு நேரா, வளைந்ததா?”

கேட்டது என் குரல்தான்.

அவள் நிமிர்ந்தாள். அவனும்.
“வளைந்தது” என்றான்.
“புயல் கதைக்குப் பிறகு வந்தது” என்றாள்,
அவன் பக்கம் திரும்பாமலே.
“படகைத் தடுக்கப்போய்
பாறையில் இடித்துக்கொண்டதே, அது.”

தெரியும்.
அந்தப் புயலில் நான் அழுதேன்,
ரொட்டி ஆறிப்போகும்வரை.
அதை எந்தக் குறிப்பேட்டில் எழுதுவது?

பிரிவு பிரிவுதான்;
பிற்பகலில் கையெழுத்திட்டேன்.
அதற்கு முன்னால் ஒன்று சொன்னேன்:
“பொம்மை என்று போடாதீர்கள், ஓத்தியா.
அதற்குப் பெயர் இருக்கிறது.”

பேனாவைத் தூக்கிக்கொண்டு
என்ன பெயர் என்றார்.

மூன்று பேர்
ஒரே நேரத்தில் சொன்னோம்.