குளிர்ந்த இடம்

ஷுவைக், ஜூலை, காலை ஏழரை.
ஷட்டரைத் தூக்கும்போதே கை சுடுகிறது.
உள்ளே மிஷாரியின் டாட்சன்,
எழுபத்தெட்டாம் வருடத்து 280 இசட்,
நீண்ட முகம், பழுத்த நார்த்தங்காய் நிறம்,
என்னைவிட இரண்டு வயது மூத்தது.

"ரீஹா" என்றான் நேற்றுச் சாவியைத் தந்தபோது.
பெட்ரோல் வாடை. சிக்னலில் நிற்கையில் மட்டும்.
பின்னால் அந்தத் துளியூண்டு சீட்டில்
மகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறாளாம்.

பானட்டைத் திறந்தேன், குனிந்தேன்,
அவன் பார்க்க நன்றாக மூச்சிழுத்தேன்,
ஆமாம் என்று தலையாட்டினேன்.
ஒன்றும் வரவில்லை.

போன நவம்பர்க் காய்ச்சலில் போனது என் மூக்கு.
மீன்குழம்பும் வெந்நீரும் ஒன்றுதான் எனக்கு.
கேம்ப்பில் நாலு பேருக்குத் தெரியும்.
கராஜில் தெரியாது.
பெட்ரோலில் கை வைத்துப் பிழைக்கிறவன்
இதை எந்த முதலாளியிடம் போய்ச் சொல்வது?

குல்ஸமான் வருகிறான்.
வாசலிலேயே நின்று
பாதி சிகரெட்டை வெளியே மணலில் புதைக்கிறான்.
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிகிறது போல.

டேங்க்கிலிருந்து ஆரம்பித்தேன்.
அடியில் ஓடும் இரும்புக் குழாயை நகத்தால் சுரண்டினேன்.
கடல்காற்று தின்றது பொறுக்காகத்தான் வந்தது, ஓட்டையில்லை.
ஒரு கிளிப் கழன்று, சட்டத்தில் உரசி,
ஓரிடம் மட்டும் புது ஐந்து பைசா மாதிரி மின்னியது.
ரப்பர் போட்டுக் கட்டினேன்.
பம்ப்பருகே பழைய ஹோஸை வளைத்துப் பார்த்தால்
பித்தவெடிப்பு.
அதை வெட்டியெறிந்து புதிது மாட்டினேன்.
ஆனால் வாடை முன்னாலிருந்து என்றானே.

என்ஜினை எழுப்பாமல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன்.
தீயணைப்பான் காலருகே.
டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை.
பிறகு விரலால் தடவிக்கொண்டே போனேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.

இந்தத் தகரக் கூரைக்குக் கீழே எல்லாமே சுடும்.
ஸ்பேனர் சுடும். தரை சுடும்.
பைப்பைத் திறந்தால் வருவது டீ போடலாம்.
ஆறாவது இன்ஜெக்டருக்குப் போகும் ஹோஸின் கழுத்தில்
விரல் குளிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.
மறுபடி வைத்தேன். குளிர்ந்தது.
வெளியே வருகிற வேகத்தில் ஆவியாகிறது, கண்ணுக்குச் சிக்காது.
ஜூலையில் இந்த ஊரில்
சும்மா ஓர் இடம் குளிராது.

பம்ப்பை நிறுத்தினேன். பேட்டரியைக் கழற்றினேன்.
துணி சுற்றி மெதுவாகத் தளர்த்தினேன்.
கிளிப்பின் தலையில் மஞ்சள் பெயின்ட் பொட்டு.
நான் வைக்கிற பொட்டு.

டிசம்பர். வியாழன் சாயங்காலம்.
வழுவழுப் பட்டைக் கிளிப் கடையில் தீர்ந்துபோய்
பல் வெட்டிய கிளிப்பையே இறுக்கினேன்.
அந்தப் பல் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது.
அன்று இறுக்கிவிட்டுக் குனிந்து மோந்தேன்,
பழக்கதோஷம்.
"மாஃபி ரீஹா, கலாஸ்" என்று
சாவியைக் கொடுத்தவனும் நான்தான்.
மூக்கு போய் அப்போது மூன்று வாரம்.

ஆறு ஹோஸ். பன்னிரண்டு கிளிப், சரியானவை.
பம்ப்பை ஓடவிட்டு டிஷ்யூத் தாளால் ஒற்றினேன், விரலால் தடவினேன்.
எல்லா இடமும் ஒரே சூடு.
அது போதும்தான்.
போதாது.

"குல்ஸமான், இங்கே வா. மோந்து சொல்."
"உனக்கென்ன?"
"எனக்கு வராது."
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே பார்த்தான் கொஞ்ச நேரம்.
பிறகு வந்து, தாடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்து,
ஆறு கழுத்திலும் நின்று நின்று மோந்தான்.
"மாஃபி."

பில்லில் கூலி என்ற இடத்தில் பூஜ்யம் எழுதினேன்.
மிஷாரி ஏன் என்று கேட்பான்.
கிளிப்பை மேசைமேல் வைத்திருக்கிறேன், மஞ்சள் பொட்டு தெரிய.
"மூக்குக்கு அரபியில் என்ன?" என்றேன்.
லாரிக்கு அடியிலிருந்து குரல்:
"கஷம்."

கஷம் மாஃபி. கஷம் மாஃபி.
சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
வாசலில் கார் கதவு சாத்துகிறது,
ஒரு பெரிய செருப்பு, ஒரு சின்னச் செருப்பு.