பென்சில் மேல் பென்சில்

தார்த்து நகரம். பிப்ரவரி.
நாய்கள் குறுக்கே ஓடும் அளவுக்கு
ஆறு உறைந்துகிடந்தது.
ஹெல்துர் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.
படகு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
ரொட்டி வாங்கிய உறைக்குள்ளிருந்து
கடிதத்தை எடுத்து வைத்தார்:
வொர்குத்தா முகாம், ஐம்பத்திரண்டு, நவம்பர்.
பென்சில் எழுத்து. நான்கு கறுப்புப் பட்டைகள்.
"அந்தத் தணிக்கைக்காரனை
எழுபது வருஷமாய்த் திட்டுகிறேன்" என்றார்,
"ஆளைப் பார்த்ததில்லை."

முதலில் வெள்ளை ஓடு ஒன்றைப் படமெடுத்தேன்.
பிறகு லென்ஸை மூடி, இருட்டை.
"ஒன்றுமில்லாததை எதற்கு எடுக்கிறாய்?"
சும்மா இருக்கும்போதும் சென்சார் முணுமுணுக்கும்,
அதைக் கழித்தால்தான் கடிதத்தின் பேச்சு மிஞ்சும் என்றேன்.
தலையாட்டினார். எஞ்சினும் அப்படித்தானாம்.

விளக்கை அணைத்தேன்.
புற ஊதாவில் தாள் நீலமாய் வெளிறியது;
பசை தடவி மடித்த ஓரம் மட்டும்
மீன் வயிறுபோல் மினுங்கியது.
நீலம், பச்சை, சிவப்பு:
பட்டைகள் அசைந்துகொடுக்கவில்லை.
எழுநூற்று முப்பத்தைந்து நானோமீட்டரில் ஒரு தயக்கம்.
எண்ணூற்று ஐம்பதில் மை தேநீராய் நீர்த்தது.
தொள்ளாயிரத்து நாற்பதில்
மை இல்லை.
அந்தச் சாயத்துக்குள் அகச்சிவப்பு
கண்ணாடிக்குள் போவதுபோல் போய்விடும்.
கரி விடாது.

முதல் பட்டைக்கு அடியில்: மைனஸ் நாற்பத்தொன்று.
இரண்டாவதில் ஓர் ஆற்றின் பெயர்.
மூன்றாவதில்: எங்கள் கொட்டகையில் இப்போது பத்தொன்பது பேர்,
செப்டம்பரில் முப்பத்திரண்டு.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

நான்காவது போகவில்லை.
"ஹெல்துரிடம் சொல், நான் அவனுக்கு"
என்பதோடு நிற்கும் வரி. அதன் பிறகு கறுப்பு.
ஆயிரத்து ஐம்பதிலும் கறுப்பு.
லென்ஸைத் துடைத்தேன், விளக்கைத் தாழ்த்தினேன்.
பன்னிரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பொருத்தி
முதன்மைக் கூறுகளாய்ப் பிரித்தேன்.
முதல் கூறு, தாள். இரண்டாவது, கரி.
மூன்றாவது, இத்தனை வருஷமாய் மடித்துப் பிரித்த
அவருடைய கட்டைவிரல் எண்ணெய்.
ஐந்துக்கு மேல் வெறும் இரைச்சல்.

மெதுவாகத்தான் புரிந்தது.
இது மையே இல்லை. பென்சில் மேல் பென்சில்.
தாள் பளபளக்கும்வரை
முன்னும் பின்னும் இழுத்து இழுத்து அடித்த கோடு.
தணிக்கைக்காரன் கைக்குப் போகுமுன்னே
எழுதிய கையே அடித்தது.
கரியைக் கரியிலிருந்து பிரிக்க
என்னிடம் அலைநீளம் இல்லை.

பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்ததில்
பள்ளமாய் ஓர் எழுத்து மட்டும் கிடைத்தது:
தலையில் சிறு அலை சுமக்கும் உயிரெழுத்து.
எங்கள் எஸ்தோனிய மொழியில்
அந்த எழுத்தில்லாமல் மகிழ்ச்சி இல்லை,
கடனும் இல்லை, தூக்குமரமும் இல்லை,
மாலை நேரம்கூட இல்லை.

கான்ட்ராஸ்டை இன்னும் திருகியிருக்கலாம்.
ஒரு கட்டத்துக்கு மேல் இரைச்சலே எழுத்தாகும்,
கேட்பவர் முகத்தைப் பார்த்துத் திருகினால்
கேட்ட சொல்லே வரும்.
எனக்குத் தெரியும், ஒருமுறை செய்திருக்கிறேன்,
ஒரு விதவைக்கு.
மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அவர் அடித்ததா?"
"ஆமாம்."
"நன்றாக அழுத்தித்தான் அடித்திருக்கிறார்."
வெகுநேரம் கழித்து, பர்ஸைத் துழாவியபடி,
"ரசீதில் எத்தனை வரி போடுவாய்?"
மூன்று என்றேன்.
"நாலு போடு. நாலுக்கும் தருகிறேன்."

மூன்றுக்குத்தான் வாங்கினேன்.
அவர் பாலம் தாண்டிப் போனபின்
அறிக்கைப் படிவத்தில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது,
காலியாக விட்டால் கணினி சேமிக்காது.
மறைத்த பொருள்: கிராஃபைட்.
மறைத்தவர்: தந்தை.
நிலை: படிக்க இயலாது
என்று அடித்து,
'இயலாது' என்பதை ஒருமுறை அழித்து
திரும்பவும் அதையே அடித்தேன்.