ஐம்பதில் ஒரு பங்கு

ஹைனால்கா கொண்டுவந்த கோப்பு
ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறை
சொன்னதையே திரும்பச் சொல்லித் திக்கியது.
மருமகன் வேலை.
இருபத்தைந்தை முப்பதாக்கினால் வழவழவென்று ஓடும் என்று
யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.
மூல டேப் இருக்கிறதா என்றேன்.
மறுநாள் ரொட்டிப் பையில் போட்டு எடுத்துவந்தாள்.

பாயா நகரத்துப் பிப்ரவரி.
ஷுகோவிட்சாவின் கரையோரம் உறைந்திருந்தது.
ஹீட்டரைப் பிடுங்கினால்தான்
டேப் இயந்திரத்துக்கு பிளக்.

தொண்ணூற்றிரண்டு, பெண்கள் இருநூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல்.
மூன்றாம் பாதையில் பிரோஷ்கா, நான்காவதில் இவள்.
ஸ்டாப்வாட்ச் பிடித்த நடுவர்கள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
இருவரும்தான் என்றார்களாம்.
தங்கம் ஒன்றுதான் வாங்கி வைத்திருந்தார்கள்.
மார்ச் முதல் தேதி அவளுக்கு, செப்டம்பர் முதல் தேதி இவளுக்கு;
முப்பத்து மூன்று வருஷமாய்
பதக்கம் பாலம் கடந்து போய்வருகிறது.
கைமாறும் நாளில் நூடுல்ஸ் போட்ட மீன் சூப்.

"பிரோஷ்கா மகளுக்குக் கல்யாணம்,
மண்டபச் சுவரில் ஓட்டப்போகிறோம்.
கடைசியில் சுவரைத் தொடும் இடத்தில்
என் விரல்களில் மட்டும் சீப்புப் பல் முளைக்கிறது.
அதை எடுத்துவிடு போதும்."

மட்டும்.
அந்தச் சொல்லிலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

பழைய வீடியோவில் ஒரு ஃபிரேம் ஒரு கணம் அல்ல.
ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம்,
இரட்டைப்படை வரிகள் அதற்கடுத்த கணம்,
நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு.
நின்றது ஒட்டிக்கொள்ளும்.
நகர்ந்ததுதான் பல்லிளிக்கும்.

முதலில் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.
குளத்தில் எட்டுப் பெண்கள்
சாண் ஏறி முழம் சறுக்கினார்கள்.
ஹைனால்கா சுவரைத் தொட்டாள், விட்டாள், தொட்டாள்.
வரிசையைத் திருப்பினேன்.
தண்ணீர் தண்ணீராயிற்று.

பிறகு ஃபிரேமைப் பிளந்து
பாதிகளை ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
முதல் பாதி: பிரோஷ்காவின் நடுவிரல் சுவரில்.
ஹைனால்காவின் கைக்கும் சுவருக்கும் இடையே
நான்கு விரல் அகலத்துக்குத் தண்ணீர்.
இரண்டாம் பாதி: இருவரும்.

மூன்று தடவை பார்த்தேன்.
ஹீட்டர் இல்லாத அறையில் காது சுட்டது.

திருத்துவது என் தொழில், தீர்ப்பு அல்ல.
ஆனால் நொடிக்கு ஐம்பதாய் விரித்துக் கொடுத்தால்
மண்டபச் சுவரில் அது தீர்ப்பு.
ஒரு பாதியை எறிந்து
இருபத்தைந்தாய்க் கொடுத்தால்,
எந்தப் பாதி?

கடைக்கு வந்தாள். இரண்டும் ஓட்டினேன்.
ஐம்பதில் அந்த இடம் வந்ததும்
ஸ்பேஸ் பாரை அவளே அழுத்தினாள்.
மேல்கோட்டைக் கழற்றவில்லை.
வெளியே ஒரு பஸ் நின்று கிளம்பியது.

"மருமகன் கோப்பில் இது தெரியாதா?"
"அதிலும் இருந்தது. பல்லாக."

சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை.
"இருபத்தைந்து. இரண்டாம் பாதி" என்றாள்.
ஆறாயிரம் ஃபோரிண்ட் எண்ணி வைத்தாள்.
சில்லறை தேடிக் கைப்பையைக் கிளறியபோது
நாடா சுற்றிய பதக்கம் மேசையில் விழுந்து
ஒரு வட்டம் போட்டுப் படுத்தது.
"இன்னும் ஒன்பது நாள்" என்று எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

டேப்பை மட்டும் மறந்துவிட்டுப் போனாள்.
மறந்தாளா, விட்டாளா, கேட்கவில்லை.
அலமாரியில், ரொட்டிப் பையோடு இருக்கிறது;
உள்ளே இரண்டு கைகள்
வரிக்கு இடையே வரியாக.